லூக்கா 9:23

வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கே அந்த வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கிவிடும். பாளையங்கோட்டையில், கிளாரிந்தா கட்டுவித்து 1785இல் பிரதிஷ்டையான பழைய கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஓட்டு வீடு. அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேதபாடக் கூட்டம் முடியும்வரை நடையில் உட்கார்ந்திருப்பேன். முதலில் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நடையிலிருந்தே பட்டாசாலை முழுவதும் தெரியும்.

லெந்து நாட்கள். பாயில் ஏழு பெண்கள், சுவரோரம் நாற்காலிகளில் மூன்று ஆண்கள். நடத்துவது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். சபை ஐயர் மாதம் ஒருமுறை வந்து போவார். ஒரு கீர்த்தனை, சின்ன ஜெபம், அப்புறம் வேதபாடம். ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டு போவார்கள். கல்லூரியில் படிக்கிற பெண்ணிடம் மட்டும் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும். மற்றவர்கள் மடியில் கறுப்பு அட்டை வேதாகமம், போவர் ஐயர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு. தாத்தா பாட்டி வாய்வழியே கேட்டுக் கேட்டு, பாதி வசனம் இவர்களுக்குப் பாராமலே வரும்.

அன்று லூக்கா ஒன்பதாம் அதிகாரம். 23ஆம் வசனம் மூலையில் உட்கார்ந்திருந்த சித்திக்கு வந்தது: 'ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.' எல்லாருக்கும் அவர் சித்திதான். பீடி சுற்றுகிறவர். இலை வெட்டி வெட்டிக் காய்த்த விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, எழுத்துக்கூட்டாத குறையாக வாசிப்பார். நடுவில் ஒரு சொல்லில் விரல் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து வசனத்தை முடித்தது.

பேச்சு சிலுவையைப் பற்றிப் போயிற்று. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், சர்க்கரை வியாதிதான் தன் சிலுவை என்றார். ஓர் அக்கா மகனின் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் எந்தக் கஷ்டத்தையும் சிலுவை என்றே சொல்வோம். கேட்கிறவர் மனம் இளகும், மறுக்க முடியாது. ஆனால் அந்த வசனம் தலையில் வந்து விழுகிற பாரத்தைச் சொல்லவில்லை, குனிந்து எடுப்பதைச் சொல்கிறது. டீச்சர் அதைத்தான் தொட்டார். மத்தேயுவும் மாற்குவும் இதே பேச்சை எழுதியிருக்கிறார்கள். 'அனுதினமும்' என்ற சொல் லூக்காவில் மட்டும்தான். ரோமர் காலத்தில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ஒரு தடவைதான் போவான், திரும்ப மாட்டான். அதைத் தினமும் எடு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு டீச்சர் பேசாமல் இருந்தார்.

அந்த அமைதியில்தான் சித்தி வாய் திறந்தார். இத்தனை மாதத்தில் அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"டீச்சர், தன்னைத்தான் வெறுத்துன்னு போட்டிருக்கே. நான் வெறுத்துப் போயிதான இருக்கேன். கெட்டிக் குடுத்த நாள்ல இருந்து அந்த வீட்டுல எல்லாரும் என்னை வெறுத்தாவ. நானும் வெறுத்தேன். இன்னும் எப்பிடி வெறுக்க?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். கல்லூரிப் பெண்ணைப் பார்த்து, "உன்னதுல என்ன போட்டிருக்கும்மா?" என்றார்.

"தன்னலம் துறந்துன்னு இருக்கு டீச்சர்."

"தன்னலமா?" என்றார் சித்தி. "எனக்குன்னு என்ன இருந்துச்சு, துறக்குறதுக்கு?"

இந்த வசனத்தின்மேல் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கன்வென்ஷன் பந்தல்களில், லெந்து தியானங்களில். எல்லாம் தலைக்கனம் பிடித்தவர்களைப் பார்த்துச் செய்த பிரசங்கங்கள். 'நான்' என்று சொல்லவே விடாமல் வளர்க்கப்பட்ட ஒருத்தி இதை எப்படிக் கேட்பாள் என்று யாரும் நினைத்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. எனக்கும் அன்றுவரை தோன்றவில்லை. இத்தனைக்கும் இது கிளாரிந்தாவின் ஊர். அந்தப் பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். 1778இல்தான் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர்; முதல் பெயர் கிளாரிந்தாவுடையது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சித்தி, நான் படிச்சதச் சொல்லுதேன். கிரேக்கத்துல அந்த இடத்துல வெறுப்புன்னு இல்லை. மறுதலிக்கிறதுன்னுதான் இருக்கு. இருபத்திரண்டாம் அதிகாரத்துல பேதுரு தீப்பக்கத்துல உக்காந்து, அந்த ஆளை எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதாருல்லா, அங்கயும் அதே சொல்லுதான்."

"இயேசுவைத் தெரியாதுன்னாரு."

"ஆமா. இங்க நம்மளைத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுதாரு. அந்த வீட்டுல எல்லாருமாச் சேர்ந்து ஒரு ஆளை உண்டாக்கி வச்சிருக்காவல்லா, ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்னு? நீங்களும் நம்புதிய. அவளை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வாங்கன்னு கூப்பிடுதாரோன்னு எனக்குத் தோணுது. சரியான்னு ஐயருகிட்டயும் கேப்போம்."

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் தெளிவு வந்தது என்று எழுத ஆசைதான், வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரியவர் தொண்டையைச் செருமிவிட்டு முடிவு ஜெபம் செய்தார். சர்க்கரை வியாதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொன்னார்கள்.

கருப்பட்டிக் காப்பி வந்தது. சித்தி தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "பேதுரு விஷயம் எத்தனாவது அதிகாரம்னாவ?" என்று கேட்டார். அவள் எடுத்துக் காட்டினாள். சித்தி மடியிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, பீடி கட்டுகிற நூலில் ஒரு முழம் எடுத்தார். பல்லால் இரண்டாகக் கடித்து, ஒன்றை இருபத்திரண்டில் வைத்தார். இன்னொன்றை ஒன்பதில் வைத்தார்.

செருப்பைத் தேடி நடைக்கு வந்தபோது வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். அட்டைக்கு வெளியே இரண்டு நூலும் தொங்கிக்கொண்டிருந்தன.