தறி ஓரிடம், முகவரி ஓரிடம்

ஒரு பெருநகரக் கட்டடத்தில் மேசையோ நாற்காலியோ வைத்துக்கொள்ளாமல், அதன் முகவரியை மட்டும் ஆண்டுக் கட்டணத்துக்குப் பெற்று, அதையே தம் பதிவுச் சான்றிலும் ரசீதிலும் அச்சிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மெய்நிகர் அலுவலகம், அதாவது வர்ச்சுவல் ஆபீஸ், என்று பெயர். முகவரி தரும் நிறுவனம் தபாலைப் பெற்று உரியவருக்கு அனுப்புகிறது. பதிவுக்கு வேண்டிய வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், மின் கட்டண ரசீதின் நகல் ஆகியவற்றையும் கொடுக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான் என்றாலும், கைப்பேசி வழியாகவே சேலை விற்கும் சிறு வணிகருக்கு நுங்கம்பாக்கத்து முகவரியோ அண்ணா சாலை முகவரியோ வெளியூர் வாடிக்கையாளரிடம் ஒரு மதிப்பைத் தருவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வேலை நடக்கும் இடமும் வணிகத்துக்குப் பெயர் தரும் இடமும் வேறு வேறாக இருப்பதைப் பட்டு நெசவு நெடுங்காலமாக அறியும். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பட்டு நூலையும் சரிகையையும் உறுப்பினரிடம் கொடுக்க, அவர் தம் வீட்டுத் தறியில் நெய்து சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். சேலை கடைக்கு வரும்போது அதில் இருப்பது சங்கத்தின் பெயரும் முகவரியும்தான், நெய்தவரின் வீட்டு எண் எங்கும் இல்லை. தனியார் முதலாளிக்கு நெய்பவரின் நிலையும் இதுவே. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வண்டி வாகனம் வருவதற்கு முன், விடியற்காலையில் பாவு, அதாவது நெடுக்கு நூல், விரிக்கப்படுவதைப் பார்ப்பவர்க்கு, இங்கே தெருவும் தொழிற்கூடத்தின் ஒரு பகுதி என்பது விளங்கும். வீட்டுக்குள் குழித்தறியில், உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யப்படும்போது, நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ள, உடலின் குறுக்கு நூலான ஊடையும் கரையின் ஊடையும் விளிம்பில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இவ்வாறு ஒரு சேலை முடிய வேலைப்பாட்டுக்கு ஏற்பப் பத்து நாள், இருபது நாள், அதற்கு மேலும் ஆகிறது. அந்த நூலும் சரிகையும்கூடப் பெரும்பாலும் ஊர்ப் பொருள் இல்லை. பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை பெரும்பங்கு சூரத்திலிருந்தும் வருகின்றன. ஊருக்கே உரியது அந்தக் கைவேலை.

ஆகவே தறி ஓரிடத்திலும் முகவரி வேறிடத்திலும் இருப்பதே தவறு என்று சொல்ல முடியாது. அந்த முகவரியைத் தேடி வருபவருக்கு ஆளும் கணக்கும் பதிலும் கிடைக்கின்றனவா என்பதே பார்க்க வேண்டியது. கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் போய் நின்றால் விசாரிக்க ஒரு செயலாளர் இருக்கிறார், புரட்டிப் பார்க்கப் பதிவேடு இருக்கிறது. சட்டம் கேட்பதும் ஏறத்தாழ இதையே. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பதிவு பெற்ற நிறுவனம் ஒவ்வொன்றும் அறிவிப்புகளைப் பெற்று ஒப்புகை தரக்கூடிய ஓர் அலுவலகத்தை வைத்திருக்க வேண்டும் என்றும், அதன் வெளியே பெயரை அவ்வட்டார மொழியிலும் எழுத வேண்டும் என்றும் விதிக்கிறது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., சட்டம், முதன்மைத் தொழிலிடம் என்று சான்றிதழில் குறிக்கப்படும் இடத்தில் கணக்குப் புத்தகங்கள் இருக்க வேண்டும், சான்றிதழை அங்கே மாட்டிவைக்க வேண்டும், பெயர்ப் பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும் என்கிறது. பதிவில் காட்டிய இடத்திலிருந்து வணிகம் எதுவும் நடத்தாதவரின் பதிவை ரத்து செய்யவும் அதன் விதிகளில் இடமுண்டு. அதிகாரி நேரில் வந்து பார்த்து, படம் எடுத்து, அறிக்கையோடு இணையத்தில் ஏற்றலாம்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் நகரத்து ஒரே கட்டடம் லட்சக்கணக்கான நிறுவனங்களுக்குச் சட்டமுறை முகவரியாக இருப்பதை அங்குள்ள சட்டம் ஏற்கிறது. இந்தியாவிலோ போலி முகவரியில் பதிவு செய்து, சரக்கே கைமாறாமல் பில் மட்டும் வெட்டி உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற்ற மோசடிகளால், முகவரியைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய நிலை வரித்துறைக்கு ஏற்பட்டது. 2023 மே 16 முதல் ஜூலை 15 வரையிலும், மீண்டும் 2024 ஆகஸ்ட் 16 முதல் அக்டோபர் 15 வரையிலும் நாடு முழுவதும் சிறப்புச் சோதனை நடந்தது. இத்தகைய சோதனையின்போது ஒரே அறை எண்ணில் பல வணிகங்களின் பலகை தொங்கினால், அவற்றுள் நேர்மையாகத் தொழில் செய்பவரும் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். காஞ்சிபுரத்தில் தறியும் கணக்கும் இருக்க, சென்னையில் முகவரி மட்டும் வைத்திருப்பவர் அந்த விளக்கத்துக்காகத் தம் நெசவு நாட்களை இழக்கிறார்.

மெய்நிகர் முகவரி உண்மையிலேயே கைகொடுக்கும் இடமும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு மாநிலவாரியாகவே தரப்படுவதால், இணைய விற்பனைத் தளம் ஒன்றின் பெங்களூருக் கிடங்கில் சேலைகளை முன்கூட்டியே இருப்பு வைத்து விற்க விரும்புபவர் கர்நாடகத்தில் தனிப் பதிவு பெற வேண்டியிருக்கிறது. அங்கே அலுவலகம் திறக்க இயலாத சிறு வணிகர் ஒரு முகவரியைக் கட்டணத்துக்குப் பெற்று, கிடங்கைக் கூடுதல் தொழிலிடமாகச் சேர்த்துக்கொள்கிறார். சரக்கு அந்த மாநிலத்தில் உண்மையாகவே இருப்பதால் இந்த ஏற்பாட்டில் பொய் இல்லை. அப்போதும் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா, அறிவிப்பு வந்தால் அன்றே தகவல் தருவார்களா, அதிகாரி வரும்போது பதில் சொல்ல ஆள் இருப்பாரா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

இதற்கு எதிர்த்திசையில் நடப்பதுதான் ஊருக்குப் பெருங்கேடு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறிப்பிட்ட ஓர் ஊரின் மண்ணாலோ கைத்திறத்தாலோ சிறப்புப் பெற்ற பொருளின் பெயரை அந்த நிலப்பரப்பின் உற்பத்தியாளருக்கே உரிமையாக்கும் சட்டப் பாதுகாப்புக்குப் புவிசார் குறியீடு என்று பெயர். வேற்றூரில் விசைத்தறியில் ஓட்டிய சேலையை, காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு முகவரி இருப்பதைக் காட்டிக் காஞ்சிப் பட்டு என்று விற்பவர், அந்தச் சேலை நெய்யப்படாத ஊரின் பெயரை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். வாங்குபவர் ஏமாறுவது ஒரு பக்கம் இருக்க, இரண்டு பேர் உட்கார்ந்து நெய்த கோர்வைச் சேலையின் கூலி அந்த மலிவு விலையோடு போட்டியிட முடியாமல் தேய்கிறது; அடுத்த தலைமுறை தறியை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலை வேலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சில்க் மார்க் முத்திரை பட்டின் தூய்மைக்கு மட்டுமே உறுதி தருகிறது, ஊருக்கு உறுதி தருவதில்லை என்பதை வாங்குவோர் பலர் கவனிப்பதில்லை.

இந்த நிலையில், காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவர் தம் முகவரியை மறைத்து நகரத்து முகவரியை முன்னிறுத்துவது கையில் உள்ள செல்வத்தைத் தாமே கைவிடுவதாகும். சொந்த வீட்டைத் தொழிலிடமாகப் பதிவு செய்ய வரிச்சட்டத்தில் தடை இல்லை. சொத்து வரி ரசீதோ மின் கட்டண ரசீதோ போதும், வீடு தந்தையின் பெயரிலோ மாமியாரின் பெயரிலோ இருந்தால் அவரது சம்மதக் கடிதத்தையும் இணைத்தால் போதும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தெருப் பெயரைச் சொல்லத் தயங்கும் இளம் நெசவாளர்கள், பிள்ளையார்பாளையத்து வீட்டு எண்ணையே ரசீதில் அச்சிட்டு, புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்பதிவைச் செய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.