கல்லாறு என்றால் எந்தக் கல்லாறு?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் மலை ஏறுவதற்கு முன் கல்லாற்றைக் கடக்க வேண்டும். பெயருக்கு ஏற்றாற்போல் உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடும் ஆறு. அதைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். விதுராவில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் "கல்லாறு" என்றால் போதும், இறக்கிவிடுவார். அதே பெயரை மேட்டுப்பாளையத்தில் சொன்னால், நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறத் தொடங்கும் ஸ்டேஷனுக்கு வழி காட்டுவார்கள். மட்டக்களப்பில் சொன்னால் அங்கேயும் ஒரு கல்லாறு உண்டு. பெயர் ஒன்றுதான். எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் போய்ச்சேரும் இடம் மாறிவிடுகிறது.

வீட்டிலேயே உட்கார்ந்து சொந்தமாக வெப்சைட் செய்கிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே படிக்கிற பாடம் இது. சொந்தக் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். படங்கள் வரும், லிங்க்கைத் தட்டினால் அடுத்த பக்கம் திறக்கும். இணையத்தில் ஏற்றிவிட்டு வெளியூர் நண்பருக்குப் போன் போட்டால், "படத்தையே காணோமே. 404 என்று ஏதோ வருகிறது" என்பார். அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லை என்று சர்வர் சொல்லும் பதில் அது.

காரணங்கள் அநேகமாக அற்பமானவை. படம் சி டிரைவில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதியிருப்பார். நண்பரின் கம்ப்யூட்டரில் இருப்பது நண்பரின் சி டிரைவ். விதுராக் கல்லாற்றை மட்டக்களப்பில் தேடிய கதைதான். அடுத்த குற்றவாளி ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்தில் தொடங்கினாலும் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். "டாட் எச்டிஎம்" என்று பெயர் வைத்துவிட்டு, லிங்க்கில் "டாட் எச்டிஎம்எல்" என்று எழுதுவது மூன்றாவது வகை.

இதெல்லாம் சொந்தத் தவறு. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். அடுத்தவர் வீடு மாறிப் போவதுதான் பெரிய சிக்கல். 1989இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வலைக்கான திட்டத்தை எழுதியபோதே, யாரும் யாருடைய பக்கத்துக்கும் அனுமதி கேட்காமல் லிங்க் கொடுக்கலாம் என்று வழி வைத்தார். வலை அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் தன் பக்கத்துக்கு யார் யார் வழி சொல்லியிருக்கிறார்கள் என்று பக்கத்தின் சொந்தக்காரருக்கே தெரியாது. இடம் மாறும்போது எல்லோருக்கும் தகவல் சொல்ல முடியாது. நல்ல முகவரி மாறாது என்று 1998இல் அவரே ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டி வந்தது. முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம்.

அதே ஜெனீவா ஏரியின் கரையில், லோசான் நகரில், அதே காலத்தில் தமிழுக்காக ஒருவர் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். சுவிஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம். மயிலை என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். தமிழ் மின்நூலகம் என்ற அவருடைய தளம் ஜியோசிட்டீஸில் இருந்தது. அங்கே பக்கங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து வீட்டு எண் கொடுப்பார்கள். படிப்பு, இலக்கியம் எல்லாம் ஏதென்ஸ் பேட்டை. இவருக்கு 5180ஆம் எண். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, சம்பளம் இல்லாமல் அனுப்பினார்கள்.

ஜியோசிட்டீஸை 1999இல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஏதென்ஸ் 5180 என்ற விலாசத்தை அடிக்குறிப்பில் அச்சிட்ட புத்தகங்களும் ஆய்வேடுகளும் நூலகங்களில் இருக்கின்றன. அச்சில் ஏறிய லிங்க்கை யாராலும் திருத்த முடியாது.

தமிழுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. முகவரி சரியாக இருக்கும், பக்கமும் திறக்கும், எழுத்து மட்டும் புரியாத கிறுக்கலாக வரும். அந்தத் தளத்தின் எழுத்துரு படிப்பவரின் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம். ஆளுக்கொரு எழுத்துரு இருந்த காலம் அது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்றது. இணையத்தில் புழங்கியவர்கள் பலர் டிஸ்கியைப் பிடித்துக்கொண்டார்கள். 2010இல் அரசு யூனிகோடை ஏற்றது. மதுரைத் திட்டமும் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் தொடங்கி, டிஸ்கிக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய நூல்களையெல்லாம் மாற்றி ஏற்ற வேண்டும்.

அத்தனை இடமாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. நூலுக்குக் கொடுத்த எண். திருக்குறள் முதல் எண் என்றால் இன்றைக்கும் முதல் எண்தான். கோப்பின் பெயரும் அந்த எண்ணை வைத்தே. எண் தெரிந்தவருக்கு வீடு எங்கே மாறினாலும் நூல் அகப்படும்.

அப்படிப் பின்னாலேயே ஓடி ஓடிச் சரிசெய்ய ஆள் இல்லாத தளங்கள் எத்தனையோ. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணக்காப்பகம் பழைய பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. செத்த லிங்க்கைத் தேடுகிறவர் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. ஆனால் எல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

புதிதாகத் தளம் போடுகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பலன் பெரிது. ஏற்றிய உடனே வேறொரு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பார்க்கலாம். கோப்புகளுக்கு எல்லாம் சின்ன எழுத்திலேயே பெயர் வைக்கலாம். வைத்த பெயரை அழகுக்காக மாற்றாமல் இருக்கலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய விலாசத்துக்கு வருகிறவரைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிட 301 என்று ஒரு குறிப்பு இருக்கிறது. வீடு காலி செய்யும்போது தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டுப் போவது போல. வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது, தளத்தின் லிங்க்குகளையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

விதுராவில் பஸ் ஏறுகிறவருக்குக் கல்லாறு என்ற ஒரு சொல் போதும். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர் முழு விலாசத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அதை எழுதிக் கொடுக்க வேண்டியது கூப்பிட்டவர் பொறுப்பு.