எளாவூரில் அரைப் பல்!

பூநாரை பார்க்கப் போனேன். செயின் பார்த்துவிட்டு வந்தேன். கட்டுரையின் சுருக்கம் அவ்வளவுதான். அவசரமாக ஆபீஸ் பஸ் பிடிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் என்னோடு எளாவூர் வரை வரவும்.

குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வரும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். எல்லோரும் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்த்து, இறால் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவார்கள். நான் கொஞ்சம் வித்தியாசமானவன் (மனைவியின் சொல், 'கிறுக்கு'). கல்கத்தா ஹைவேயில் ஆந்திர எல்லைவரை போய், எளாவூரில் கிழக்கே திரும்பி, சுண்ணாம்புகுளம் பக்கமாக ஏரியைப் பின்வாசல் வழியாகப் பார்க்கத் திட்டம். கூட அப்பா. வாகனம், அப்பாவின் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் "அது ஏதோ பேப்பர் பேருதானே சார்?" என்கிறார்கள். அம்பாசடர் கல்கத்தாக்காரர், ஃபியட் பம்பாய்க்காரர் என்றால், ஹெரால்டு நம்ம மெட்ராஸ்காரர். இத்தாலிக்காரர் மிச்சலாட்டி வரைந்து கொடுத்த உடம்பு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. 1961-லிருந்து இங்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரியில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின். பிற்பாடு இதற்கு நாலு கதவு வைத்தது உலகத்திலேயே நம்மவர்கள் மட்டும்தான். எங்கள் வீட்டு வண்டிக்கு இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போகிறவர் கொஞ்சம் யோகாசனம் தெரிந்தவராக இருப்பது உத்தமம்.

ஆறு மாசமாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். "எஞ்சின் மூக்குல சலசலன்னு ஒரு சத்தம் வருதுடா. டைமிங் செயின்தான். பார்த்துடு." நான் பி.காம். செலவைத் தள்ளிப்போடுவதற்கு எங்கள் பாடத்தில் ஒரு தனிச் சாப்டரே உண்டு. "வயசானா எல்லாத்துக்கும் சத்தம் வரும்பா" என்றேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் அனுமார் வால் மாதிரி நின்றன. ஊர்ந்து, நின்று, ஊர்ந்து... ஒரு இடத்தில் எஞ்சின் உதறிக்கொண்டு, பின்பக்கமாக ஒரு உதை உதைத்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டர் வழியாக 'டப்... டப்' என்று தும்மல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதே ஒழிய நகர்ச்சி இல்லை. சில ஆபீஸ் மீட்டிங் மாதிரி.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பல் தாண்டிடுச்சு" என்றார்.

ஒரு டீக்கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து வழி சொன்னார். கிழக்கே போகிற ரோட்டில் படகு எஞ்சின், பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிற ஒரு மேஸ்திரி இருக்கிறாராம். இரண்டு பேர் தள்ள, நான் ஸ்டீயரிங் பிடிக்க, அப்பா நடந்தே வந்தார். எழுபத்திரண்டு வயது. "ஏறுங்கப்பா" என்றதற்கு, "நான் ஏறினா தள்றவங்களுக்கு பாரம்" என்றுவிட்டார்.

ஓலைக் கொட்டகை. தரையெல்லாம் டீசல் வாசனை, அதற்குமேல் கருவாட்டு வாசனை. அறுபது வயதுக்கு மேலிருக்கும் மேஸ்திரிக்கு. வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஹெரால்டா! சின்ன வயசுல மெட்ராஸ்ல இதுலதான் சார் தொழில் கத்துக்கிட்டேன்" என்றபடி பானெட்டைத் தூக்கினார். இந்தக் காரின் பானெட் மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி மேலே போகும். முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மேஸ்திரி உட்கார்ந்தார்.

அவர் செய்த சோதனையைப் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே ரோட்டர் தெரிந்தது. கீழே கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினார். கிராங்க் திரும்புகிறது. ரோட்டர் அசையவில்லை.

"பாருங்க, இது எழுந்திரிக்கவே இவ்வளவு நேரம் ஆவுது. செயின் நீண்டு போச்சு."

அடியேனுக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பிஸ்டன்கள் கிராங்கைச் சுற்றும். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரே ஒரு சுற்று. இந்த இரண்டையும் கட்டிப்போட்டிருப்பது ஒரு சைக்கிள் செயின் மாதிரியான சமாசாரம். அந்த செயினை ஒரு வில் பட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் செயினின் பின்கள் தேய்ந்து செயின் நீளும், பட்டையில் பள்ளம் விழும். ஒருநாள் எஞ்சின் பின்னால் உதைக்கும்போது செயின் ஒரு பல்லைத் தாண்டி உட்காரும். அப்புறம் வால்வு திறக்க வேண்டிய நேரம் ஒன்று, திறக்கிற நேரம் ஒன்று. வரவேண்டிய பெட்ரோல் வாசல் தெரியாமல் திரும்பிப் போகும். அதுதான் அந்தத் தும்மல்!

"இன்னிக்கே முடிச்சிடலாமா அண்ணே?" என்றேன்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. கொட்டகை ஓரத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் பிரித்துப்போட்ட ஒரு படகு எஞ்சின். பேரிங் மாற்றுகிற வேலையாம். "அவருக்கு நாளைக்குப் பாடு சார்" என்றார் மேஸ்திரி.

பாடு என்றதும் நான் கஷ்டம் என்று நினைத்து 'ஐயோ பாவம்' என்றேன். சிரித்துவிட்டார்கள். ஏரியில் நல்ல இறால் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் மீனவர்கள் தங்களுக்குள் சீட்டுப்போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள்கூட வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். முறை தவறினால் தவறியதுதான். அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் இல்லாவிட்டால் கழி ஊன்றித்தான் அவ்வளவு தூரம் போக வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "முதல்ல படகைப் பாருங்க மேஸ்திரி. எங்களுக்குப் பறவைதான். அது நாளைக்கும் நிக்கும்."

படகுக்காரர் எழுந்து அப்பாவுக்கு ஒரு ஸ்டூலைத் தூக்கிப் போட்டார். எனக்குப் போடவில்லை.

சாயங்காலம் வரை டார்ச் பிடித்தேன். அந்த டீசல் எஞ்சினில் செயின் கிடையாது. பல்சக்கரமும் பல்சக்கரமும் நேராகக் கடித்துக்கொள்கின்றன. ஒன்றில் ஒரு பல்லில் புள்ளி, இன்னொன்றில் இரண்டு பல்லில் புள்ளி. அந்த ஒரு பல் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். மேஸ்திரி கண்ணாடி போடாமல் விரலால் தடவியே உட்கார வைத்தார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே 'தடதட'வென்று கிளம்பியபோது படகுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காரை அங்கேயே விட்டுவிட்டு எளாவூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்து சென்னை திரும்பினோம். மறுநாள் காலையில் புதுப்பேட்டை. நாலு கடையில் "இந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று துக்கம் விசாரித்தார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் பரணில் ஏறி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய செயினை எடுத்துக் கொடுத்தார். பழைய செயினைப் பக்கத்தில் வைத்துக் கண்ணி கண்ணியாக எண்ணிச் சரிபார்த்தேன். வவுச்சர் சரிபார்த்த அனுபவம் கைகொடுத்தது. வில் பட்டையும் கிடைத்தது. அப்பா வீட்டிலேயே இருக்கலாம் என்றேன். சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மேஸ்திரி ரேடியேட்டரைக் கழற்றி, முன்மூடியைத் திறந்து வைத்திருந்தார். பழைய பட்டையில் செயின் அறுத்த பள்ளத்தில் என் நகம் முழுசாக இறங்கியது. கேம் சக்கரத்தில் அரத்தால் கீறிய ஒரு கோடு இருந்தது. "இது கம்பெனிக் கோடு இல்ல. சக்கரம் மாத்தினப்ப யாரோ போட்டிருக்காங்க" என்றார். அந்தக் கோட்டை வைத்தே செயினை மாட்டினார்.

வேலை முடிந்தது என்று நான் பர்ஸைத் தொட்டேன். "இருங்க, பேலன்ஸ் பார்க்கணும்" என்றார்.

பேலன்ஸா! பி.காம். காது நிமிர்ந்தது. முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து வெடிக்கிற கட்டத்தில் நிறுத்தினால், நாலாவது பிஸ்டனும் உச்சியில் இருக்கும். அங்கே புகை வால்வு மூடப் போகும், பெட்ரோல் வால்வு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே அளவு திறந்திருக்க வேண்டும். தராசு மாதிரி. கேஜ் வைத்துப் பார்த்தார். சமமாக இல்லை. ஒரு பல் தள்ளி மாட்டினார். இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது.

"அரைப் பல் வித்தியாசம். கோடு டேலி ஆவுது, ஆனா கோடே தப்பு."

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கு தப்பாக இருக்கலாம் என்று காலேஜில் மாய்ந்து மாய்ந்து சொன்னார்களே, அதை எனக்குப் புரியவைக்க ஒரு படகு மேஸ்திரி வேண்டியிருந்தது.

அரைப் பல்லை எப்படித் திருத்துவது? பல்லை உடைக்கவா முடியும்! அந்தச் சக்கரத்தில் போல்ட்டுக்கு நாலு துளைகள். போல்ட் இரண்டுதான். சக்கரத்தைக் கழற்றிக் கால்வட்டம் திருப்பி அடுத்த ஜோடித் துளையில் மாட்டினால், பற்கள் அரைப் பல் நகர்ந்து நிற்கும். அப்படித்தான் துளை போட்டு வைத்திருக்கிறான். திருப்பிப் போட்டால் கால் பல்லும் கிடைக்குமாம்! மேஸ்திரி திருப்பி மாட்டினார். கேஜ் வைத்தார். சமம்.

"யாரு சார் இந்தக் கோட்டைப் போட்டது? ஏதாவது கத்துக்குட்டி..."

"நான்தான்" என்றார் அப்பா.

கொட்டகையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"தொண்ணூத்தி மூணுல. கையில காசு இல்ல. ஒரு புஸ்தகத்தை வச்சுக்கிட்டு நானே பிரிச்சு மாட்டினேன். அதுக்கப்புறம் வண்டி கொஞ்சம் இழுவை கம்மியாத்தான் இருந்துச்சு. பெட்ரோல் சரியில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

முப்பது வருஷமாக எங்கள் ஏரியா பெட்ரோல் பங்க்குகளை அப்பா திட்டிய திட்டெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. சிரிக்கலாம் என்று திரும்பினேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "அரைப் பல்லுதானே ஐயா. கரண்டி பிடிக்கத் தெரியாதவன் போட்டிருந்தா வண்டி கிளம்பியே இருக்காது." பிறகு அரத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "புதுக் கோட்டையும் நீங்களே போட்டுடுங்க."

அப்பாவுக்கு இப்போதெல்லாம் கை லேசாக நடுங்கும். இரண்டு சக்கரமும் நேருக்கு நேர் பார்க்கிற இடத்தில் நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கோடு கீறினார். நான் டார்ச் பிடித்தேன்.

ஸ்டார்ட் செய்ததும் சலசலப்பு இல்லை. தையல் மிஷின் மாதிரி ஓடியது. கூலி வாங்கும்போது மேஸ்திரி, "படகுக்காரர் கொடுக்கச் சொன்னாரு" என்று ஒரு பையை நீட்டினார். இறால். பாடு நன்றாக இருந்திருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். தூரத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அதுதான் பூநாரை. கேமராவில் அதுவும் வெறும் கோடாகத்தான் விழுந்தது, ஆசிரியர் மன்னிக்கவும். எதிரே மங்கலாக ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுகிற ஊருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அரைப் பல் திருத்திய சந்தோஷத்தில் பிளாஸ்க் காப்பி குடித்தோம்.

திரும்பும்போது அப்பாவே ஓட்டுகிறேன் என்றார். டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஊர் ரோடுவரை மட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். வண்டி முதல் மேட்டில் சிணுங்காமல் ஏறியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கியர் போட்டார், நாலாவது போட்டார். ஹைவே வந்ததும் ஓரமாக நிறுத்தி இறங்கி, என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

கும்மிடிப்பூண்டி தாண்டும்போது தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"டேய், பின்சக்கரத்துல ஏதோ கீச்சுன்னு கேக்குது பாரு."

"நாளைக்கே பார்த்துடலாம்பா" என்றேன்.