மூன்று பாய்கள்

2006ஆம் ஆண்டு மாவிலாற்றில் தொடங்கிய சண்டை எங்களை ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் விரட்டியது. 2007இல் ஊர் திரும்பியபோது வீடுகளைப் போலவே பிள்ளைகளின் படிப்பும் சிதைந்து கிடந்தது.

நான் அப்போது தொண்டர் ஆசிரியை. தரம் மூன்றில் எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே பக்கம். சேர்ந்து சொல்லும்போது எல்லோரும் வாசிப்பது போலத்தான் கேட்டது. ஒருநாள் ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கச் சொன்னேன். சிலர் கதையே வாசித்தார்கள். சிலர் எழுத்துக்கூட்டினார்கள். சிலர் கொம்பை விட்டுவிட்டு ‘கோழி’யை ‘காழி’ என்றார்கள்.

மறுநாள் மூன்று பாய் விரித்தேன். ஒன்றில் எழுத்து அட்டைகள், ஒன்றில் சொற்களும் சிறு வசனங்களும், மற்றதில் கதைப் புத்தகங்கள். ஒரு பாயில் நான் இருந்து கற்பிக்கும்போது மற்றப் பாய்களில் பிள்ளைகள் சோடியாக வாசிப்பார்கள், எழுதுவார்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு தாய் வந்தார். சண்டையில் கணவனை இழந்தவர்.

“ரீச்சர், தகப்பன் இல்லாத பிள்ளையெண்டா மொக்குப் பிள்ளைகளோட இருத்தி வைச்சீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. அந்த ஒரு மாதத்தில் நான் ஒரு பிள்ளையைக்கூடப் பாய் மாற்றி இருத்தியிருக்கவில்லை. உதவிக்காக விரித்த பாய், பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

அதன்பின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை எல்லோரையும் தனித்தனியே வாசிக்க வைத்துக் கேட்டேன். முன்னேறிய பிள்ளை அடுத்த பாய்க்குப் போனது. கணக்குப் பாடத்துக்கு வேறு விதமாகப் பிரித்தேன். அந்தத் தாயின் மகள் கணக்கில் கெட்டிக்காரி; மற்றவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். வாசிப்பிலும் தோணி, வெருகல் என்று அவளுக்குத் தெரிந்த சொற்களிலிருந்தே தொடங்கினோம். தவணை முடியுமுன் அவள் இரண்டாம் பாயில் இருந்தாள். நிவாரண அட்டையில் இருந்த தாயின் பெயரை வாசித்துக் காட்டினாளாம். தாய் வந்து சொல்லி அழுதார்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் சிறுவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தார்கள். அழகான பெயர்கள். ஆனால் அரும்பு அரும்பாகவே நின்றுவிடக் கூடாது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையைத் தனிக் குழுவில் இருத்தினால் வெட்கப்படாதீர்கள். “என் பிள்ளைக்கு இப்போது எது தெரியவில்லை? அடுத்த குழுவுக்கு எப்போது மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். அன்று அந்தத் தாய் கேட்டதால்தான் நான் திருந்தினேன்.