கை கற்ற கல்வி

பல்லாவரத்தின் மிகப் பழைய பாடநூல் ஒரு கல். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று, இங்கிருந்த படை அணிவகுப்புத் திடலில் தோண்டப்பட்ட சரளைக் குழியொன்றில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்நாட்டின் தொல்பழங்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுவே வாயிற்படி ஆயிற்று. எழுத்தும் ஏடும் தோன்றாத காலத்தில் அக்கருவியைச் செய்யும் கலை எவ்வாறு கற்பிக்கப்பட்டிருக்கும்? கல்லை எவ்விடத்தில், எவ்வளவு விசையுடன் தட்டினால் சில்லு பெயரும் என்பதைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. ஒரு கை தட்டியிருக்கும். அருகிலிருந்த இளங்கை பார்த்துத் தட்டியிருக்கும். கெட்டது எத்தனையோ, தேறியது எத்தனையோ! கல்வியின் முதல் வடிவம் அதுவேயன்றோ?

இதே ஊரில், ஒரு மாடி அறையில், சென்ற ஆண்டு சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழு பேர் கூடித் திறன்பேசிக்குச் செயலி செய்யக் கற்றோம். பணி ஓய்வு பெற்றோர் இருவர், இல்லத்தரசியர் மூவர், பட்டம் பெற்றும் வேலை கிட்டாத இளைஞர் இருவர். கற்பிக்க வந்தவர் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் இளம்பெண். எங்களில் மூத்தவருக்குப் பேத்தி வயது. அவர் முதல் நாளே ஒரு விதி வகுத்தார். தாம் எவருடைய விசைப்பலகையையும் தொடமாட்டார். எவ்வளவு திணறினாலும் எங்கள் விரல்கள்தாம் வழி கண்டுபிடிக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் எங்கள் முதுகுப்புறம் நடந்துகொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த விதியின் அருமையை எங்களுள் நன்கு உணர்ந்தவர், இளைஞர் இருவருள் ஒருவர். கணினிப் பொறியியல் பட்டதாரி. பட்டத்திற்குப் பின் பெருந்தொகை கட்டி ஒரு பயிற்சி நிலையத்தில் சான்றிதழும் பெற்றவர். அங்கே திரையில் ஓடியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதே பயிற்சியாம். மூன்று நேர்காணல்களில் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: "நீங்களே செய்த செயலி ஏதேனும் உண்டா?" காட்டுவதற்கு அவரிடம் காகிதம் மட்டுமே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்த வீடு கடன் வாங்கிக் கற்றுக்கொண்டது. அவருடைய தந்தை தோல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அவ்வட்டாரத்தின் பழைய தொழிலாளர் பலரைப் போல அவரும் தோலின் தரத்தை விரலால் தடவியே சொல்லிவிடுவார்.

என்ன செயலி செய்வது என்று எங்களைக் கேட்டபோது, இல்லத்தரசி ஒருவர் தண்ணீர்க் கேன் கணக்கு என்றார். நம் புறநகர் வீடுகளில் நாட்காட்டித் தாளில் கோடு கிழித்து வைக்கும் கணக்கு அது. மாத முடிவில் கோடுகள் ஒன்றும், கேன்காரர் சொல்லும் எண்ணிக்கை வேறொன்றுமாக நிற்பது வழக்கம். அதையே எடுத்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் நாங்கள் பயன்படுத்தியது 'ஆப் இன்வென்டர்' என்னும் கருவி. 2010இல் கூகுள் நிறுவனம் வெளியிட்டது, இன்று எம்.ஐ.டி.யின் பொறுப்பில் உள்ளது. 1949இல் நம் குரோம்பேட்டையில் எழுந்த எம்.ஐ.டி. அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்! இதில் ஆணைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. குழந்தைகள் அடுக்கும் கட்டைகளைப் போல, வண்ணத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். பொருந்தாதவை ஒட்டமாட்டா. ஒரு பொருளைச் செய்யும்போதே அறிவு உருவாகிறது என்று வாதிட்ட சீமோர் பேப்பர்ட், அக்கழகத்தில் பணியாற்றிய அறிஞர். 1980இல் அவர் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் கருத்தே இத்தகைய கருவிகளுக்கு வித்து.

"கேன் வந்தது" என்று நாங்கள் எழுதிய பொத்தான் எங்கள் கைப்பேசியில் தோன்றிய மாலையில் அறையே ஆரவாரித்தது. தமிழ் எழுத்து அத்திரையில் இயல்பாய் நின்றதைக் கண்டபோது, அதற்காக முன்னரே உழைத்தவர்களை நினைத்துக்கொண்டோம். கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் செல்லினத்தை மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

அடுத்த பாடத்தைக் கற்பித்தவர் கேன்காரர். கேனை இறக்கி வைத்துவிட்டு, ஆவலோடு கைப்பேசியை வாங்கி அழுத்தினார். எண் ஏறவில்லை. மீண்டும் அழுத்தினார்; வேறெங்கோ திறந்தது. "கை ஈரமா இருக்கும்மா. எனக்கு எப்பவுமே ஈரமாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்கும் திரை, இடையே நீர் படர்ந்தால் தடுமாறும். பொத்தானின் நீள அகலம் 48 அலகுக்குக் குறையலாகாது, அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி கூறுவதை நாங்கள் படித்தே இருந்தோம். அந்த எண்ணின் பொருள் அவருடைய தடித்த கட்டைவிரலில்தான் விளங்கிற்று. பொத்தான் திரையின் பாதியளவு வளர்ந்தது. தவறி அழுத்தினால் திரும்பப் பெறும் வசதியும் சேர்ந்தது. யாருடைய கைக்காகச் செய்கிறோமோ அந்தக் கையையும் அறிவதே கைத்தொழில்.

இளைஞர் அத்துடன் நிற்கவில்லை. கோட்லின் என்னும் நிரல்மொழியைக் கற்று அதே செயலியை முதலிலிருந்து எழுதினார். கூகுளின் செயலிக் கடையில் இடம்பெற ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். அதனினும் கடினமான நிபந்தனை ஒன்றும் உண்டு. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குவோர், குறைந்தது 12 பேர் இடைவிடாமல் 14 நாள்கள் தம் செயலியைச் சோதிப்பதில் பங்குபெறச் செய்த பிறகே கடைக்கு விண்ணப்பிக்கலாம். கூச்ச இயல்புடைய அவர் வீடு வீடாக ஏறினார். அண்டை வீட்டார், கேன்காரர், நாங்கள் என்று பதினொருவர் தேறினோம். பன்னிரண்டாமவர் அவருடைய தந்தை. மகன் செய்த பொருளைக் கையில் வாங்கியதும், அவர் திரையின் விளிம்பைப் பெருவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்குடா" என்றார். நான்காண்டுப் பட்டத்திற்குக் கிடைக்காத சான்றிதழ் அது.

அண்மையில் நடந்த நான்காம் நேர்காணலில் அவர் தம் கைப்பேசியை மேசைமேல் வைத்து விளக்கினாராம். ஒரு மணி நேரம் கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும் அவர் நடையில் ஒரு நிமிர்வு வந்திருக்கிறது.

இவ்வழி புதியதன்று. இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், கூடுவாஞ்சேரியை அடுத்துச் சோஹோ நிறுவனம் இருக்கிறது. அது பல ஆண்டுகளாக, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த இளைஞரைச் சேர்த்துக்கொண்டு, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் தந்து, செய்முறையாகவே தொழில் கற்பித்து வருகிறது. அங்கே உருவான பலர் இன்று அந்நிறுவனத்திலேயே பொறியாளர்கள்.

பிள்ளைகளின் கல்விக்கென நகையை அடகு வைக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தில் ஒரு கேள்வி கேட்போம்: இங்கே என் பிள்ளையின் கை எதைச் செய்து முடிக்கும்? மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடமும், "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு முன்னர், "இன்று என்ன செய்தாய்? எனக்குக் காட்டு" என்று கேட்போம். காட்டும்போது கையில் வாங்கிப் பயன்படுத்தியும் பார்ப்போம். சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு பேர் தேவைப்படும் உலகில், முதல் ஆளாக நாம் இருக்கலாமே.