சம்மனின் பின்பக்கம்

20 வருடத்துக்கு முன், ஒரு புரட்டாசி மாதக் காலையில் வார்டு மெம்பர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "வக்கீல் சார், அமீனா வந்திருக்காரு. பூட்டு உடைக்க ஆளையும் கூட்டியாந்திருக்காங்க. ஆயா வாசப்படியில படுத்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது."

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்தார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, இரண்டு பெண் போலீசார், கொல்லன். கொஞ்சம் தள்ளி வேப்ப மரத்தடியில் வாதி. அவர் அந்த அம்மாவுக்கு வேற்று மனிதர் அல்ல. இறந்துபோன கணவரின் அண்ணன் மகன். "சித்தி, எழுந்திரு சித்தி, மானம் போவுது" என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அமீனா என்று ஊரில் சொல்கிறோம். நீதிமன்றத்தில் அவர் முதுநிலை கட்டளைப் பணியாளர். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கக்கத்தில் ரெக்சின் பை. என்னைப் பார்த்ததும் வாரண்டை எடுத்து நீட்டினார். "சுவாதீனம் எடுத்துக் குடுக்கச் சொல்லி உத்தரவு சார். தடை உத்தரவு ஏதாவது இருந்தா குடுங்க, இந்த நிமிஷமே திரும்பிடறேன். இல்லாம திரும்பினா நான் பதில் சொல்லணும்."

என்னிடம் ஒன்றும் இல்லை. நீதிமன்றம் பத்தரைக்குத்தான் கூடும். மனு எழுதி, நம்பராகி, எதிர்த்தரப்புக்குச் சொல்லி, உத்தரவு வாங்க அன்றைய பொழுது போதாது. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் அந்தக் காலையில் என்னை அதிகம் வதைத்தது.

சினிமாவில் அமெரிக்க ஷெரீஃபைப் பார்த்தவர்கள், இங்கே அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்பதுண்டு. சென்னை நகரத்தில் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு காலத்தில் ஷெரீஃப் இருந்தார். மாவட்டங்களில் அந்த வேலை எப்போதும் நீதிமன்ற ஊழியர்களுடையது. வாதி பேட்டா கட்டுவார். சம்மன் நீதிமன்றத்தின் நாசர் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பார்கள். கட்டளைப் பணியாளர் பேருந்திலும் சைக்கிளிலும் போய்ச் சேர வேண்டும். ஒருநாளில் நாலு கிராமம், ஒவ்வொன்றும் ஒரு திசையில்.

அன்றைக்கு அவர் நடந்துகொண்ட விதத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 35ஆம் விதி, காலி செய்ய மறுப்பவரை அப்புறப்படுத்தவும், தேவையானால் பூட்டை உடைக்கவும் அதிகாரம் தருகிறது. அதே விதி, முதலில் நியாயமான எச்சரிக்கை கொடு, பொதுவெளிக்கு வராத பெண்கள் உள்ளே இருந்தால் அவர்கள் விலகிப் போக வழி செய் என்றும் சொல்கிறது. அவர் ஆயாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அம்மா, வீடு மட்டும்தான் உத்தரவுல இருக்கு. உள்ள இருக்கிற சாமான் எல்லாம் உங்களுது. ஒண்ணு விடாம நான் எழுதித் தரேன்" என்றார். வாதியின் ஆட்கள் அடுப்படிக்குள் நுழையப் போனபோது, "தூக்கி எறியற வேலை வேண்டாம், எடுத்து வைக்கணும்" என்று அதட்டினார். அம்மி, குழவி, இரண்டு அண்டா, நெல் மூட்டை ஒன்று, ட்ரங்குப் பெட்டி, சாமி படங்கள் என்று பட்டியல் போட்டார். ரேஷன் கார்டைத் தனியாக எடுத்து ஆயா கையில் கொடுத்தார். பெண் போலீசார் தொட வேண்டியிருக்கவில்லை. ரேஷன் கார்டைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா தானாகவே எழுந்து வெளியே வந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு வாதியின் பூட்டு கதவில் தொங்கியது.

"வக்கீலய்யா, எனக்கு ஒரு காயிதமும் வரலியே" என்றார் ஆயா. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த மாலை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கடந்து வந்தபோது வண்டியை நிறுத்திச் சுவரைப் பார்த்தேன். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் பொறித்தவை. குடவோலையில் பெயர் எழுதத் தகுதி யாருக்கு என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. 35 வயதுக்கு மேல், 70க்குள், வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் குடவோலையைப் பற்றி எல்லோரும் படிக்கிறோம், வீட்டு நிபந்தனை யாருக்கும் நினைவிருப்பதில்லை. சொந்த மனை இல்லாதவன் பெயர் குடவோலையில் ஏற முடியாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்த ஊரில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அன்று காலை வேப்ப மரத்தடியில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வழக்குக் கட்டைப் பார்வையிட மனுப் போட்டேன். தகராறு பழைய தகராறுதான். கிராம நத்தத்தில் அண்ணன் தம்பி இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள், வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நத்தம் பட்டா கொடுத்தபோது முழு இடத்துக்கும் அண்ணன் பெயரில் வந்துவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் போன பிறகு, "சித்தப்பாவை இரக்கப்பட்டு இருக்க விட்டோம்" என்று மகன் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டார். பிரதிவாதி வரவில்லை. ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆனது. நாலு வருடம் கழித்து நிறைவேற்று மனு. இரண்டு வருடத்துக்கு மேல் பழைய டிக்ரி என்பதால் அதற்கும் ஒரு நோட்டீஸ் போயாக வேண்டும். போயிருந்தது. கதவில் ஒட்டியதாக.

சம்மனின் முன்பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில்தான் கட்டளைப் பணியாளர் தன் அறிக்கையை எழுதுவார். இந்தச் சம்மனைக் கொண்டுபோனவர் வேறொருவர். "கதவு பூட்டியிருந்தது. வாதி வீட்டை அடையாளம் காட்டினார். கதவில் ஒட்டினேன்." பங்குனியில் ஒரு தேதி. சாட்சிக் கையெழுத்து ஒன்று. விசாரித்தபோது அது வாதியின் மச்சானுடையது என்று தெரிந்தது. பிரதிவாதி கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

மூன்று வருடம் வழக்காடியிருந்தும் அதுவரை நான் ஒரு சம்மனின் பின்பக்கத்தைக் கவனித்துப் படித்ததில்லை. என் சீனியரின் அலுவலகத்தில் அதை யாரும் படித்து நான் பார்த்ததுமில்லை. 'சார்வு ஆயிற்று', அதாவது சம்மன் உரியவரிடம் சேர்ந்துவிட்டது, என்று டயரியில் குறித்துவிட்டு அடுத்த வாய்தாவுக்குப் போய்விடுவோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சம்மன் சார்வு பற்றிய, அதே சட்டத்தின் 5ஆம் கட்டளையின் விதிகள் கறாரானவை. முடிந்தவரை பிரதிவாதியின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் திரும்புவார் என்றும் தெரியவில்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள முகவரும் இல்லை என்றால், கூடக் குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தினர் ஒருவரிடம் கொடுக்கலாம். 1976 வரை அது வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும் என்றிருந்தது. வீட்டில் தாயும் மனைவியும் இருந்தும் கதவில் ஒட்டிய காலம் அது. திருத்தத்துக்குப் பிறகுதான் பெண்ணின் கையும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. உரிய முயற்சி செய்து தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால்தான் கதவில் ஒட்டலாம். ஒட்டினால் எந்தச் சூழ்நிலையில் ஒட்டினேன், வீட்டைக் காட்டியது யார், யார் முன்னிலையில் என்று எழுத வேண்டும். அதைப் படித்துப் பார்த்து, சார்வு முறையாக நடந்ததா என்று நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும்.

ஆயா அந்தப் பங்குனியில் எங்கே இருந்தார்? திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில். தை பிறந்ததும் மகள் குடும்பத்தோடு கிளம்பினால் ஆனி முடிந்துதான் திரும்புவார். ஊருக்கே தெரிந்த விஷயம். வாதிக்குத் தெரியாமல் இருக்குமா? பங்காளி வீடு, ஒரே சுவர். நாலு வருடம் கழித்து நோட்டீஸ் ஒட்டிய தேதியும் மாசியில்தான் இருந்தது.

சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால், டிக்ரியைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். நாங்கள் ஒரே வாரத்தில் போட்டோம். நிரூபிக்கும் பாரம் எங்கள் மேல். சூளை மேஸ்திரியிடம் முன்பணக் கணக்கு நோட்டு இருந்தது. ஓரம் கிழிந்து, செம்மண் படிந்து, வாரா வாரம் பணம் வாங்கியவர்களின் ரேகை பதிந்த நோட்டு. ஒட்டியதாகச் சொன்ன அதே வாரத்தில் ஆயாவின் பெருவிரல் ரேகை அதில் இருந்தது. மேஸ்திரி சாட்சிக்கூண்டு ஏறத் தயங்கினார். வட்டி, முன்பணம் என்று வேறு கேள்வி வரும் என்று பயம். மூன்று முறை போய்க் கேட்டபின் வந்தார்.

சம்மனை ஒட்டிய கட்டளைப் பணியாளரையும் விசாரித்தோம். எத்தனை முறை போனீர்கள்? ஒருமுறை. பக்கத்து வீட்டில் கேட்டீர்களா? இல்லை. வாதி வெளியூர் போயிருப்பதாகச் சொன்னாரா? "எப்ப வரும்னு தெரியாதுன்னாரு." அவர் பொய் சொல்லவில்லை. பூட்டிய கதவைப் பார்த்தார், பூட்டியிருந்தது என்று எழுதினார். அடுத்த ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓர் ஏழையின் வீட்டுக்குப் போகும் வழியைக் காட்ட, அந்த வீட்டைப் பறிக்க நினைப்பவரே அவருக்குத் துணை வந்தார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டிக்ரி வாங்கியவர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும், அவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். இந்தியாவில் ஒரு வழக்காளியின் கஷ்டம் டிக்ரி கிடைத்த பிறகுதான் ஆரம்பமாகிறது என்று பிரிவி கவுன்சில் 1872லேயே வருந்தியது. நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021ல் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே அதை மறுபடி வலியுறுத்தியது. அந்த வேகம் வேண்டும். ஆனால் ஆறு மாதத்தில் ஒருவரை வீட்டைவிட்டு இறக்குவதானால், வழக்கு இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இப்போது கட்டளைப் பணியாளர் கையில் கைபேசிச் செயலி இருக்கிறது, போன இடமும் நேரமும் படத்தோடு பதிவாகின்றன. நல்ல மாற்றம். பூட்டிய கதவைப் படம் பிடித்தால் அதில் பூட்டிய கதவுதான் தெரியும். பக்கத்து வீட்டில் விசாரிப்பதை இன்னும் மனிதர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

டிக்ரி ரத்தாக பதினான்கு மாதம் ஆனது. அதுவரை ஆயா மகள் வீட்டுத் திண்ணையில் இருந்தார். அதன் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி, பறித்ததைத் திரும்ப ஒப்படைக்கக் கேட்டு இன்னொரு மனு. அதுவும் உத்தரவானது.

சுவாதீனம் கொடுக்க வந்தவர் அதே அமீனா. அதே ரெக்சின் பை. வாதி சாவியைக் கொடுத்துவிட்டதால் கொல்லன் தேவைப்படவில்லை. அண்டாவும் அம்மியும் உள்ளே போயின. முன்பு எழுதிய பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நெல் மூட்டை மட்டும் இல்லை, அது எப்போதோ உலைக்குப் போய்விட்டது. சுவாதீன ரசீதை நீட்டி, மை டப்பாவைத் திறந்தார்.

ஆயா கையை நீட்டவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு படிச்சிக் காட்டுங்க" என்றார்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர், சர்வே எண், நான்கெல்லை. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் அன்று தான் எழுதிய வரிகளையும் படித்தார். முடித்த பிறகுதான் அந்த அம்மா விரலை மையில் வைத்தார்.

அசல் வழக்கு அடுத்த புதன்கிழமை கூப்பிடப்பட்டது. பிரதிவாதி ஆஜர்.