ஏழாம் ஆண்டும் எட்டாம் ஆண்டும்



நெடுநாளாய் மனதில் மறைத்து வைத்திருந்த ஒன்றை இந்த வாரம் உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

எங்கள் மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் பெற்றோராகிய நாங்கள் வாங்கியிருந்த அமெரிக்க அரசுக் கடனை 2022 மே மாதத்தில் கட்டி முடித்தோம். ஊரில் என் தகப்பனார் விட்டுச்சென்ற பத்து சென்ட் நிலத்தை விற்ற பணம் அது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, அதிபர் பைடன் மாணவர் கடன் தள்ளுபடியை அறிவித்தார். ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் குறைந்தவர்களுக்கு, தம்பதியராயின் 2,50,000 டாலருக்குக் குறைந்தவர்களுக்கு, 10,000 டாலர் வரை. 'பெல்' உதவித்தொகை பெற்றுப் படித்த எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 20,000 டாலர் வரை.

நான் மகிழவில்லை. "மூன்று மாதம் பொறுத்திருந்தால் நிலமாவது மிஞ்சியிருக்குமே" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். அதிகாலையில் வந்தவனின் எரிச்சல் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

2023 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அத்தகைய அதிகாரத்தை அளிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைக் கேட்டு என் மனம் சற்றே ஆறுதலடைந்தது. இதை எழுத வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் மகள் ஒருத்தி என்னிடம் வந்தாள். கவுண்டி அலுவலகத்தில் சமூகப் பணியாளர். தாயையும் தம்பியையும் தாங்குகிறவள். "பாஸ்டர், படிச்சு முடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. வாங்கினது 27,000, இப்போ 31,000 நிக்குது" என்றாள். வருமானத்துக்கு ஏற்பக் குறைத்து வகுத்த தவணை வட்டிக்கே போதாதபோது கடன் இப்படித்தான் வளரும். "அம்மாகிட்ட இன்னும் சொல்லல பாஸ்டர். அவங்க போன வருஷமே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுட்டாங்க."

அந்தக் காணிக்கையைப் பெற்று ஜெபித்தவன் நானே.

அன்று வீட்டுக்கு வந்து உபாகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை என்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் அந்த ஆண்டு நெருங்குகிறதென்று எண்ணி எளியவனுக்குக் கொடாமல் கையை மூடிக்கொள்ளும் நெஞ்சைக் குறித்தும் மோசே அங்கேயே எச்சரிக்கிறார். விடுதலையாகிறவனை வெறுங்கையாய் அனுப்பலாகாது, மந்தையிலும் களத்திலும் இருந்து அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார். அவர் எட்டாம் ஆண்டையும் யோசித்திருக்கிறார்.

நம் நாட்டுச் சண்டையெல்லாம் ஏழாம் ஆண்டைப் பற்றியதாகவே இருக்கிறது. பெல் உதவித்தொகையைப் பாருங்கள். 1970களில் அது அரசுக் கல்லூரியின் நான்காண்டுப் படிப்புச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் தாங்கியது. இப்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தாங்குகிறது. மிச்சத்தைக் கடன் நிரப்புகிறது. இன்றுள்ள கடனை முழுவதும் அழித்தாலும், வரும் இலையுதிர்காலத்தில் கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளை மறுபடியும் கையெழுத்திடவேண்டும். தள்ளுபடியும் வேண்டும் என்றே இன்று நான் எண்ணுகிறேன். அது மட்டும் போதாது.

அந்த மகளுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. பொதுப்பணியில் இருப்போர் 120 தவணைகள் செலுத்தினால் மீதியை நீக்கும் 2007ஆம் ஆண்டுத் திட்டம் அது. தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. பிற்பாடு விதிகள் திருத்தப்பட்டு, பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் விடுதலை பெற்றிருக்கிறார்கள். அவளுக்கு இன்னும் 11 தவணைகள் உள்ளன.

இதற்குள் அவள் தம்பிக்குக் கல்லூரியிலிருந்து நிதியுதவிக் கடிதம் வந்துவிட்டது. இலவச உதவியும் கடனும் ஒரே பட்டியலில் கலந்து, எல்லாமே தானம்போல் தோன்றுகிற கடிதம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள பெற்றோரே, உங்களுக்கு வந்ததையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சபை மண்டபத்துக்கு வாருங்கள். எந்த வரி தானம், எந்த வரி கடன் என்று அவள் உங்களோடு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். தேநீர் நான் போடுகிறேன்.